ஒரே சொல், ஆளுக்கொரு பொருள்: ஆர் மொழிக்குள் சி எழுதும்போது வேகம் எங்கே போகிறது

போடிநாயக்கனூரில் ஏலம் ஏலத்தில் விற்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இது சொல் விளையாட்டாகத் தெரியும். எங்களுக்கு அன்றாடப் பேச்சு. முதல் ஏலம் மலையில் விளைகிற காய், இரண்டாவது ஏலம் விலை கேட்கிற ஏலம். பக்கத்தில் நிற்கிற சொல்லைப் பார்த்து எது எது என்று புரிந்துகொண்டு போய்க்கொண்டே இருக்கிறோம். கம்பத்திலிருந்து எல்லை தாண்டி, மலையாளம் பேசும் கேரளத்துக் குமுளிக்கு ஏறினால் இன்னும் வேடிக்கை. கீழே 'வெள்ளம்' என்றால் ஆறு கரை புரண்டது என்று அர்த்தம். மேலே டீக்கடையில் அதே சொல்லைச் சொன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வந்து நிற்கும். கீழே 'அவசரம்' என்றால் உடனே ஓடணும். மேலே அது வாய்ப்பு. சொல் மாறவில்லை. யாரிடம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து நடக்கிற காரியம் மாறுகிறது.

ஆர் என்கிற புள்ளியியல் மொழியும் இப்படித்தான் பேசுகிறது. ஜான் சேம்பர்ஸும் அவருடைய சகாக்களும் 1976-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய எஸ் மொழியைப் பின்பற்றி, நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய மொழி இது. 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளியானது. இதில் 'சம்மரி' என்று ஒரு எண் வரிசையிடம் சொன்னால் சராசரி, நடுவெண் எல்லாம் வரும். ஒரு ரெக்ரெஷன் மாடலிடம் அதையே சொன்னால் கெழுக்களின் அட்டவணை வரும். வந்திருக்கிற பொருள் எந்த வகை என்று பார்த்து, அதற்கேற்ற ஃபங்ஷனிடம் வேலையை ஆர் அனுப்பிவைக்கிறது. தாலுகா ஆபீஸில் தபாலைப் பிரித்து எந்த செக்‌ஷனுக்குப் போகணுமோ அங்கே தள்ளுகிற மாதிரி. அந்தந்த வகைக்கென்று இருக்கும் ஃபங்ஷனுக்கு மெத்தட் என்று பெயர். அதனிடம் அனுப்பிவைப்பதற்குப் பெயர் மெத்தட் டிஸ்பாட்ச்.

இதைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு தம்பி. வண்டன்மேடு பக்கம் எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவன், இப்போது புள்ளியியல் முதுகலை படிக்கிறான். ஏலக்காய் லாட், அதாவது ஏலத்துக்கு ஒன்றாக வரும் ஒரு தொகுதிக் காய், அந்த விவரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டிருந்தான். ஒவ்வொரு லாட்டுக்கும், அதற்கு முந்தைய முப்பது நாளில் விற்ற காயின் எடையைக் கணக்கில் எடுத்த சராசரி விலை. அதையே தரவைக் குலுக்கிக் குலுக்கித் திரும்பத் திரும்பச் செய்து, அந்தச் சராசரி எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பது. ஆர் மொழியில் எழுதினான், ராத்திரி முழுக்க ஓடியது. கணினியின் வேகத்தை நேரடியாகப் பயன்படுத்துகிற சி மொழியில் எழுதினால் பறக்கும் என்று யாரோ சொல்ல, ஒரு வாரம் செலவழித்து சி-யில் எழுதினான். பிறகு என்னிடம் வந்தான்.

"அண்ணே, சி-ல மாத்திட்டேன். ஆனா அதே ராத்திரிதான் ஆகுது."

லேப்டாப்பை வாங்கிப் பார்த்தேன். எழுதியது சி-தான். ஆனால் நேரம் போன இடம் சி அல்ல.

அவன் எழுதியது ஏன் ஓடவில்லை என்று சொல்ல, ஆர் மொழி மெத்தடைத் தேடும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கணும். 'பிரிண்ட்' என்ற ஃபங்ஷனைத் திறந்தால் உள்ளே கிட்டத்தட்ட ஒரே வரிதான் இருக்கும்: 'யூஸ்மெத்தட்'. அது வந்த பொருளின் கிளாஸ் பெயரை, அதாவது இது எப்படிப்பட்ட பொருள் என்று அதன் மேல் ஒட்டியிருக்கும் முத்திரையை எடுக்கும். கிளாஸ் 'ஃபேக்டர்' என்றால், இரண்டு பெயரையும் புள்ளி வைத்து ஒட்டி 'பிரிண்ட்.ஃபேக்டர்' என்று ஒரு புதுப் பெயரை உண்டாக்கும். அந்தப் பெயரில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறதா என்று, அழைப்பு எங்கிருந்து வந்ததோ அந்தச் சூழலிலிருந்து (பெயர்களும் அவற்றுக்கான பொருள்களும் இருக்கும் இடம்) தொடங்கித் தேடும். அங்கே இல்லையென்றால் மெத்தடுகளைப் பதிந்து வைத்திருக்கும் பதிவேட்டில் பார்க்கும். பொருளுக்கு இரண்டு மூன்று கிளாஸ் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இதே தேடல். எதுவும் அகப்படவில்லையென்றால் கடைசியில் 'பிரிண்ட்.டீஃபால்ட்'. இதுதான் எஸ்3 முறை; எஸ் மொழியின் மூன்றாம் பதிப்போடு வந்ததால் அந்தப் பெயர். பெயரை ஒட்டு, தேடு, அழை, அவ்வளவுதான். இவ்வளவு எளிமையான ஏற்பாடு முப்பது ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்து நிற்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

இந்தத் தேடல் ஒருமுறை நடக்க இன்றைய லேப்டாப்பில் ஏறக்குறைய ஒரு மைக்ரோ நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணிமைப்பதை விடப் பல மடங்கு குறைவு. ஒருமுறைக்கு இது காசே இல்லை. பத்து லட்சம் முறை செய்தால் ஒரு நொடி. கணக்கைக் குலுக்கிக் குலுக்கி ஆயிரம் முறை போட்டால் ஆயிரம் நொடி. பக்கத்தில் சி-யின் கணக்கை வைத்துப் பாருங்கள்: இரண்டு எண்ணைக் கூட்ட அதற்கு ஒரு நானோ நொடி கூட ஆகாது.

எல்லாவற்றுக்கும் இப்படித் தேடினால் மொழி நகராது. அதனால் ஆர் மொழியை எழுதியவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். சதுர அடைப்புக்குறி போட்டு ஓர் உறுப்பை எடுப்பது, 'லெங்க்த்', கூட்டல், கழித்தல் போன்ற அடிப்படை வேலைகள் சி-யிலேயே எழுதப்பட்டவை. இவை எடுத்த எடுப்பில் மெத்தடைத் தேடாது. முதலில் ஒரே ஒரு பிட்டைப் பார்க்கும். ஆர் மொழியின் ஒவ்வொரு பொருளுக்கும் நினைவகத்தில் 64 பிட் நீளமுள்ள ஒரு தலைப்பு உண்டு. அதில் 5 பிட் இது என்ன வகை என்று சொல்லும்: முழு எண் வரிசையா, தசம எண் வரிசையா, பட்டியலா. இன்னொரு பிட், இதற்கு கிளாஸ் ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று சொல்லும். ஆப்ஜெக்ட் பிட் என்பார்கள். அது 0 என்றால் தேடலே கிடையாது, நேரே சி வேலையைப் பார்த்துவிடும். 1 என்றால் மட்டும்தான் பெயர் ஒட்டுவது, தேடுவது எல்லாம்.

இந்த ஒரு பிட் எவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவருகிறது என்பதைத் தேதியை வைத்துப் பார்க்கலாம். ஆர் மொழியில் தேதி என்பது வெறும் தசம எண்தான்: 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நாள். 2000 ஜனவரி 1 என்றால் 10957. அதன் மேல் 'டேட்' என்று கிளாஸ் ஒட்டியிருக்கும். பத்து லட்சம் வெறும் எண் உள்ள வரிசையில் ஐந்தாவதை எடு என்றால் நினைவகத்தில் ஓரிடத்துக்குப் போய் எடுத்து வந்துவிடும். அதே எண்கள் 'டேட்' ஆக இருந்தால்? ஆப்ஜெக்ட் பிட் 1. மெத்தட் தேடல் தொடங்கும். 'டேட்' கிளாஸுக்கென்று ஆர் மொழியிலேயே எழுதப்பட்ட ஒரு ஃபங்ஷன் அகப்படும். அதை அழைக்க ஒரு புதுச் சூழல் உருவாகும். அது உள்ளே 'நெக்ஸ்ட்மெத்தட்' என்று அடுத்தவரைத் தேடும். கடைசியில் அதே பழைய சி வேலை நடந்து எண் வரும். வந்த எண்ணுக்கு மறுபடி 'டேட்' கிளாஸை ஒட்டித் திருப்பித் தரும். இதெல்லாம் ஓர் உறுப்பை எடுக்க மட்டும். அந்தத் தேதி இன்னொரு தேதியை விடப் பெரிதா என்று கேட்டால் இன்னொரு சுற்று.

பெரிதா சிறிதா, கூட்டு, கழி என்பவற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். இடப்பக்கத்து கிளாஸுக்கும் மெத்தட் தேடணும், வலப்பக்கத்துக்கும் தேடணும். இரண்டும் ஒன்றானால் சரி. வேறு வேறானால் எச்சரிக்கை கொடுத்துவிட்டு, இரண்டையும் விட்டுவிட்டு வெறும் எண்ணாக நினைத்துக் கணக்குப் போடும். தேதியோடு கால இடைவெளியைக் கூட்டுவது எல்லாரும் செய்கிற வேலை. ஆனால் இரண்டும் வேறு கிளாஸ், இரண்டுக்கும் தனித்தனி மெத்தட். அதற்காகவே ஆர் மொழியின் சி நிரலுக்குள், கால இடைவெளியின் கிளாஸான 'டிஃப்டைம்' என்ற பெயரை நேரடியாகக் குறிப்பிட்டு ஒரு விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அதை முதன்முதலில் படித்தபோது, ஒரு பழைய வீட்டில் சாய்ந்த தூணுக்கு முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. மற்றவர்களும் இப்படி யார் மெத்தடை எடுப்பது என்று முறையாகச் சொல்ல 4.3.0 பதிப்பில்தான் வழி வந்தது.

சரி, இனி சி-க்குள் போவோம். ஆர் மொழியிலிருந்து நம் சி ஃபங்ஷனை அழைக்க இப்போது எல்லாரும் பயன்படுத்துவது 'டாட்-கால்'. பழைய 'டாட்-சி' என்பது தரவைப் பிரதியெடுத்துக் கொடுக்கும். 'டாட்-கால்' பிரதி எடுக்காது, ஆர் மொழியின் பொருளையே அதன் சுட்டியோடு (நினைவகத்தில் அது இருக்கும் முகவரி) கையில் கொடுத்துவிடும். தலைப்பு, பிட்டுகள், எண்கள் எல்லாம் நம் எதிரே விரிந்து கிடக்கும். அந்த எண்களின் தொடக்க முகவரியை வாங்கிக்கொண்டு வரிசையாக ஓடினால், கணினியின் முழு வேகமும் கிடைக்கும்.

ஆனால் இங்கே டிஸ்பாட்ச் கிடையாது. எல்லையைத் தாண்டியதும் 'வெள்ளம்' என்பதற்குப் பொருள் மாறுகிற மாதிரி, ஆர் மொழியில் 'லெங்க்த்' என்றால் ஒன்று, சி-யில் 'லெங்க்த்' என்றால் வேறொன்று. 'போசிக்ஸ்-எல்டி' என்று நேரக் குறிப்புகளை வைத்துக்கொள்ளும் ஒரு வகை உண்டு. நொடி, நிமிடம், மணி, நாள், மாதம் என்று தனித்தனி வரிசைகளை ஒரு பட்டியலில் வைத்திருக்கும். நூறு நேரக் குறிப்புகள் அதில் இருந்தால், ஆர் மொழியில் நீளம் கேட்டால் அதற்கான மெத்தட் ஓடி 100 என்று சொல்லும். சி-யில் நீளம் கேட்டால் பட்டியலில் எத்தனை பாகம் என்று எண்ணி, இப்போதைய பதிப்புகளில் 11 என்று சொல்லும். தப்பில்லை. சி-க்கு அது ஒரு பட்டியல், அவ்வளவுதான்.

தம்பிக்கு இது தெரிந்திருந்தது. அதுதான் அவனைக் கெடுத்தது. தேதியைச் சி-யில் நேரே தொட்டால் ஏதாவது தப்பாகிவிடுமோ என்று பயந்து, ஒவ்வோர் உறுப்பையும் எடுக்க ஆர் மொழியிடமே திரும்பிப் போய்க் கேட்டிருந்தான். சி-க்குள்ளிருந்தே ஆர் மொழியின் ஒரு வரியை உருவாக்கி ஓட்டச் சொல்லலாம், 'ஈவல்' என்று. ஒவ்வொரு லாட்டுக்கும், ஒவ்வொரு முந்தைய லாட்டுக்கும், இந்தத் தேதியை எடு என்று ஓர் ஈவல், இது அதை விடப் பெரிதா என்று ஓர் ஈவல். ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டு, தேடு, சூழல் உண்டாக்கு, கிளாஸை மறுபடி ஒட்டு. ஆர் மொழியில் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்குமோ அதேதான் நடந்தது. நடுவில் சி நின்று வேடிக்கை பார்த்தது.

பயந்தது நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பயம் இல்லாமல் நான் செய்த தப்பைச் சொன்னால் உங்களுக்கே புரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஊரில் ஒரு வியாபாரிக்காக லிட்டர் எடை கணக்கு ஒன்று எழுதிக் கொடுத்தேன். லிட்டர் எடை என்பது ஏலக்காயின் தரத்துக்கான அளவு: ஒரு லிட்டர் படியில் காயை நிரப்பி எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பது. திரண்ட நல்ல காய் 400-ஐத் தாண்டும். என் சி ஃபங்ஷன் வேகமாக ஓடியது. சராசரி 37 என்று சொன்னது.

முப்பத்தேழு கிராம் என்றால் படியில் காயே இல்லை, உமிதான் இருக்கணும். அரை நாள் தேடிய பிறகு தெரிந்தது. அந்த அட்டவணையில் ஒரே ஒரு லாட்டுக்கு லிட்டர் எடை எழுதாமல் சின்ன கோடு ஒன்று போட்டிருந்தார்கள். அந்தக் கோடு இருந்ததால் அந்தப் பத்தி முழுவதையும் எழுத்து என்று ஆர் எடுத்துக்கொண்டது. அப்போது நான் வைத்திருந்தது 4.0.0-க்கு முந்தைய பதிப்பு. எழுத்தாக வந்த பத்தியை அது தானாகவே ஃபேக்டராக மாற்றிவிடும். 2020-ல் வந்த 4.0.0-ல்தான் இந்தப் பழக்கத்தை விட்டார்கள். ஃபேக்டர் என்பது உள்ளே முழு எண் வரிசை. ஆனால் அந்த எண் எடை அல்ல. வேறு வேறு மதிப்புகளை வரிசைப்படுத்தி, இது முதலாவது, இது இரண்டாவது என்று கொடுத்த எண். நான் சி-யில் வகையை மட்டும் பார்த்தேன். முழு எண் வரிசை என்று தலைப்பு சொன்னது. உண்மைதான், முழு எண்கள்தான். எடுத்துக் கூட்டினேன்.

இதையே ஆர் மொழியில் 'சம்' என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஆப்ஜெக்ட் பிட் 1, ஃபேக்டருக்கான மெத்தட் ஓடும், ஃபேக்டரைக் கூட்டுவதற்கு அர்த்தமில்லை என்று பிழை சொல்லி நிறுத்தியிருக்கும். அதாவது நான் வேகத்துக்காகத் தாண்டி வந்த டிஸ்பாட்ச்தான் எனக்குக் காவல். வேகத்தைத் தின்கிறது என்று அதைத் திட்டுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. சி-யில் ஆர் தருகிற 'இஸ்இன்டிஜர்' என்ற சோதனையைப் பயன்படுத்தியிருந்தாலும் தப்பித்திருப்பேன். அது வகையோடு நிற்காமல், ஃபேக்டராக இருந்தால் இல்லை என்று சொல்லிவிடும். யாரோ முன்பே இந்தக் குழியில் விழுந்து எழுந்து வந்து எழுதியிருக்கணும் என்றுதான் தோன்றுகிறது.

ஆக, தம்பி ஒவ்வோர் உறுப்பிலும் கேட்டான், நான் எங்கேயும் கேட்கவில்லை. அவனுக்கு ராத்திரி போனது, எனக்கு விடை போனது.

விடியற்காலையில் கம்பத்திலும் போடியிலும் நின்று பார்த்தால் தெரியும், ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று வழி. செக்போஸ்டில் நிறுத்தினால் வண்டியை ஒருமுறை பார்ப்பார்கள். மேலே தோட்டத்தில் ஒவ்வொரு செடிக்கும் போய் நீங்கள் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. சி எழுதும்போதும் கேள்வியை எல்லையில் வைக்கணும். ஆர் பக்கத்திலேயே டிஸ்பாட்சை ஒரே ஒருமுறை நடத்தி, வந்தது தேதியா ஃபேக்டரா என்று அறிந்து, அதை வெறும் தசம எண் வரிசையாக மாற்றி, பிறகு சி-க்குள் விடணும். உள்ளே எந்தக் கேள்வியும் இல்லாமல் ஓடட்டும். திரும்பி வரும்போது எல்லையில் கிளாஸை மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

இது நான் கண்டுபிடித்த வழி அல்ல. ஒவ்வோர் உறுப்பிலும் ஒரே ஃபங்ஷனை ஓட்டித் தரும் 'லாப்ளை' என்ற ஆர் ஃபங்ஷனைத் திறந்து பாருங்கள், மொத்தமே மூன்று நான்கு வரிதான். வந்த பொருளுக்கு கிளாஸ் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்கும். இருந்தால் 'ஆஸ்.லிஸ்ட்' என்று அழைக்கும். அங்கேதான் டிஸ்பாட்ச் நடந்து, தேதிக்கான மெத்தட் ஓடி, ஒவ்வோர் உறுப்பும் தேதியாகவே இருக்கும் வெறும் பட்டியல் ஒன்று கிடைக்கும். அதற்குப் பிறகு சி-யில் எழுதிய சுற்று. அதனால்தான் தேதி வரிசையில் 'லாப்ளை' ஓட்டினால் தேதி தேதியாகவே வருகிறது. சாதாரண 'ஃபார்' சுற்றில் ஓட்டினால் கிளாஸ் உதிர்ந்து 10957 மாதிரி வெறும் எண் வருகிறது. புதிதாகப் படிப்பவர்கள் இதைப் பார்த்துத் திகைப்பார்கள். 'ஃபார்' கேள்வியே கேட்காமல் உள்ளே போய்விடுகிறது, வேறொன்றுமில்லை.

தம்பியிடம் முதலில் சி-யை ஓரமாக வைக்கச் சொன்னேன். அவனுடைய பழைய ஆர் நிரலையே எடுத்து, சுற்றுக்கு வெளியே ஒரே ஒரு வரி சேர்த்தோம்: தேதிப் பத்தியை 'அன்கிளாஸ்' செய்து, அதாவது கிளாஸைக் கழற்றி, ஒரு பெயரில் வைத்துக்கொள். அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஓடியது சாப்பிட்டு வருவதற்குள் முடிந்தது. இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஆர் நிரலை வேகமாக ஓடும் வடிவத்துக்கு மாற்றுகிற, லூக் டியர்னி எழுதிய பைட்கோடு கம்பைலர் 2011-ல் ஆர் மொழியில் சேர்ந்தது. 2017-ல் வந்த 3.4.0 பதிப்பிலிருந்து சுற்றுகளைத் தானாகவே கம்பைல் செய்கிறது. வெறும் எண் வரிசையாக இருந்தால் அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கிளாஸ் ஒட்டியிருந்தால் அந்தக் குறுக்கு வழி அடைபட்டுவிடும். நான் பார்த்தவரை, ஆர் மெதுவாக இருக்கிறது என்று சி-க்கு ஓடுகிறவர்களில் பாதிப் பேருக்கு சி தேவைப்படவே இல்லை. டேட்டா ஃப்ரேம் என்கிற ஆர் அட்டவணைக்குள் இருக்கும் பத்தியில் சுற்றுக்குள் ஒவ்வோர் எண்ணாக மாற்றி எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆர் மொழியில் எழுதிய பெரிய ஃபங்ஷன் ஒன்று முழுதாக ஓடுகிறது.

ஆனாலும் அவனுடைய கணக்குக்கு சி தேவைப்பட்டது, குலுக்கல் அவ்வளவு. அதனால் எல்லையில் கேள்வி கேட்கும் முறையில் மறுபடி எழுதினோம். அப்போது இரண்டு மூன்று விஷயம் தலைகாட்டியது.

ஒன்று, கிளாஸைத் திருப்பி ஒட்டுவது. சி-யில் ஒரு பொருளின் பண்புகளை (கிளாஸ் மாதிரி அதன் மேல் ஒட்டியிருப்பவை) இன்னொன்றுக்கு மாற்ற ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு. பண்புப் பட்டியலை அப்படியே தூக்கி வைத்தான். கிளாஸ் பெயர் போய்ச் சேர்ந்தது, ஆனால் தலைப்பிலிருக்கும் ஆப்ஜெக்ட் பிட் 0-ஆகவே நின்றது. விளைவு விநோதம். பண்புகளைக் கேட்டால் 'டேட்' என்று பட்டியலில் இருக்கிறது, ஓர் உறுப்பை எடுத்தால் வெறும் எண்ணாக வருகிறது. கிளாஸ் இருக்கிறது, கிளாஸ் இருப்பதாகச் சொல்லும் பிட் இல்லை. 'செட்ஆட்ரிப்' வழியாக கிளாஸை வைத்தால் பிட்டையும் சேர்த்து மாற்றிவிடும். இந்த உள்வேலை ஃபங்ஷன்களை வெளியார் தொடக் கூடாது என்று அண்மைப் பதிப்புகளில் ஆர் குழு கெடுபிடி செய்வதற்கு இப்படிப்பட்ட தொல்லைகளும் ஒரு காரணம். கெடுபிடி சரி என்பதே என் எண்ணம்.

இன்னொன்று, வரிசை எண்கள். ஒன்று முதல் நூறு கோடி வரை என்று ஆர் மொழியில் எழுதினால் 2018-ல் வந்த 3.5.0-லிருந்து அது நூறு கோடி எண்ணை நினைவகத்தில் எழுதுவதில்லை. தொடக்கம், நீளம், படி, இவ்வளவை மட்டும் வைத்துக்கொள்ளும். ஆல்ட்ரெப் என்று பெயர். தலைப்பில் இதற்கும் ஒரு பிட் இருக்கிறது. கவனித்தால் இதுவும் டிஸ்பாட்ச்தான், சி-யின் அடியில் நடக்கிற டிஸ்பாட்ச். நீளம் என்ன, இந்த இடத்தில் என்ன எண், என்று ஒவ்வொரு கேள்விக்கும் அந்த வகை தன் பதிலைச் சி ஃபங்ஷனாகப் பதிந்து வைத்திருக்கும். சி பக்கம் டிஸ்பாட்ச் கிடையாது என்று மேலே சொன்னேன் இல்லையா, கிளாஸ் விஷயத்தில்தான் கிடையாது. இந்த அளவில் உண்டு. நாம் வழக்கம்போல் எண்களின் முகவரியைக் கேட்டால், வேறு வழியில்லாமல் நூறு கோடியையும் எழுதித் தரும். ஓர் எண்ணுக்கு 4 பைட், 400 கோடி பைட் நினைவகம் போச்சு. ஒவ்வோர் எண்ணாகக் கேட்டால் நினைவகம் மிச்சம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பு. அதனால் ஒரு தொகுதி எண்களை ஒரே அழைப்பில் வாங்குகிற வழியையும் வைத்திருக்கிறார்கள். ஆர் தருகிற சுற்று ஒருமுறைக்கு 512 எண்ணாக எடுக்கும். ஒரு ஜீப்புக்கு ஒரு கேள்வி.

எஸ்3 போக ஆர் மொழியில் இருக்கும் இன்னொரு முறையான எஸ்4 பற்றிக் கேட்பீர்கள். அணிக் கணக்குக்கான மேட்ரிக்ஸ் பேக்கேஜும் உயிரியலுக்கான பயோகண்டக்டர் பேக்கேஜுகளும் அதில்தான் நிற்கின்றன. அதில் ஒரு பொருளை மட்டும் பார்க்காமல் இரண்டு மூன்று பொருளின் வகையையும் சேர்த்துப் பார்த்து மெத்தடைத் தேர்ந்தெடுக்க முடியும். முதல் முறை தேடல் நீளமானது. அகப்பட்டதை அட்டவணையில் குறித்து வைத்துக்கொள்வதால் அடுத்த முறை குறையும். சி-யிலிருந்து பார்த்தால் அதன் ஸ்லாட்டுகள், அதாவது பொருளின் உள்பாகங்கள், எல்லாம் பெயர் ஒட்டிய பண்புகள்தான். ஒவ்வொரு முறையும் பெயரைத் தேடாமல், பேக்கேஜ் ஏறும்போதே பெயர்களை ஒருமுறை பிடித்து வைத்துக்கொள்வது மேட்ரிக்ஸ் செய்கிற வழக்கம். நம் சி ஃபங்ஷனின் பெயரை ஆர் மொழியிடம் பதிந்து வைப்பதும் இதே கணக்கு. பதியாமல் விட்டால் ஒவ்வொரு 'டாட்-கால்' அழைப்பிலும் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுத் தேடும்.

கடைசியாக லிட்டர் எடைப் பத்தி. என் பழைய கோப்பைத் தம்பிக்குக் கொடுத்திருந்தேன். ஃபேக்டராகவே சேமித்து வைத்திருந்த அதே கோப்பு. எல்லையில் நிற்கும் ஃபங்ஷனை எஸ்3 ஜெனரிக்காக, அதாவது 'பிரிண்ட்' மாதிரி கிளாஸைப் பார்த்து மெத்தடைத் தேடும் ஃபங்ஷனாக எழுதச் சொன்னேன்: தேதிக்கு ஒரு மெத்தட், ஃபேக்டருக்கு ஒன்று, வெறும் எண்ணுக்கு ஒன்று, தெரியாத எதற்கும் பிழை சொல்லி நிறுத்தும் டீஃபால்ட். ஃபேக்டர் மெத்தடில், ஒவ்வொரு லாட்டின் எழுத்தையும் எண்ணாக மாற்றாமல், வேறு வேறு மதிப்புகள் எத்தனையோ அத்தனையை மட்டும் மாற்றி, பிறகு உள்ளே இருக்கும் வரிசை எண்ணை வைத்துப் பொருத்தினான். எத்தனை ஆயிரம் லாட் இருந்தாலும் வேறு வேறு எடைகள் கொஞ்சம்தானே. ஓட்டியதும் ஒரு வரி எச்சரிக்கை வந்தது, எண்ணாக மாற்ற முடியாத ஒன்று இருக்கிறது என்று. எடைக்குப் பதில் போட்டிருந்த அந்தச் சின்ன கோடு.

"அண்ணே, இதைச் சி-ல தனியா செக் பண்ணணுமா?"

வேண்டியதில்லை. முழு எண்ணாக அனுப்பியிருந்தால் கட்டாயம் பார்த்தே ஆகணும். ஆர் மொழியில் விடுபட்ட முழு எண் என்பது சி-யில் மைனஸ் 2147483648, பார்க்காமல் கூட்டினால் கூட்டலில் கலந்துவிடும். எல்லையிலேயே தசம எண்ணாக மாற்றிவிட்டோம். தசம எண்ணில் விடுபட்டது தன்னோடு சேர்வதையும் விடுபட்டதாகவே ஆக்கிவிடும். ஓட்டிப் பார்த்தான். அந்த லாட் சேர்ந்த முப்பது நாள் சராசரிகள் மட்டும் வெறுமையாக நின்றன, மற்றவை எல்லாம் 400-ஐச் சுற்றி வந்திருந்தன.